மேட்டுக் கடிகாரம்

ஆசிரியர் தம் சொந்த உடைமை எதையும் மாணவருக்குப் பரிசாகக் கொடுக்கக் கூடாது. பாடத்திட்டத்தில் இல்லாததைக் கற்பிக்க விரும்பினால் தலைமையாசிரியரின் ஒப்புதலை முன்கூட்டியே எழுத்தில் பெற வேண்டும். தற்காலிக ஆசிரியராக இருந்தால் விரும்பவே கூடாது. இந்த மூன்றாவது விதி எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. ஆனாலும் கல்வி இலாகாவில் நான் வேலை பார்த்த காலம் முழுவதும், மற்ற இரண்டையும்விட ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டது அதுதான்.

இவற்றில் ஏதாவது ஒன்று, நான் ஐந்தாம் வகுப்புப் படித்த ஆண்டில் எங்கள் தோட்டப் பள்ளியில் அமலில் இருந்திருந்தால், சித்தப்பாவின் கைக்கடிகாரம் சித்தப்பாவின் கையிலேயே இருந்திருக்கும். நானும் வேறு மாதிரி வளர்ந்திருப்பேன். நேரம் என்ன என்று கேட்டவரிடம் நேரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிற மனிதனாகவாவது.

இப்போது இது நினைவுக்கு வரக் காரணம் உண்டு. பணி ஓய்வுக்குப் பிறகு, சுங்கை பெசார் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியின் மேலாளர் வாரியத்தில் செயலாளராக இருக்கிறேன். சென்ற ஆண்டு இளம் ஆசிரியை ஒருவர் வாரியத்தின் முன் ஒரு திட்டத்தை வைத்தார். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நவீன இயற்பியல். வளைகிற வெளி, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஓடாத காலம், ஒளித்துகள். இழுத்துப் பிடித்த துணியின் நடுவில் இரும்புக் குண்டை வைத்து, ஓரத்தில் கோலி உருட்டும் படம் ஒன்றையும் திரையில் காட்டினார். வாரியத் தலைவர் என் பக்கம் சாய்ந்து, "இதெல்லாம் நம்ம பிள்ளைங்களுக்கு ஏறுமா சார்?" என்று கேட்டார்.

ஏறும். ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு ஏறவில்லை, பக்கத்தில் இருந்தவளுக்கு ஏறியது. விஷயமே அதுதான்.

எங்கள் தோட்டம் கலும்பாங்கைத் தாண்டி, ரப்பர் மரங்கள் மலைச்சரிவில் ஏறிக்கொண்டே போகும் இடத்தில் இருந்தது. மேட்டின் உச்சியில் துரை பங்களா. அதற்குக் கீழே ஆபிஸ். ஆபிசை ஒட்டிக் கிராணிமார் வீடுகள். பள்ளத்தில் ஆட்கள் குடியிருக்கும் லயங்கள், மாரியம்மன் கோயில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, பள்ளிக்கூடம். அப்பா ஆபிசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. ஆகவே நாங்கள் மேட்டில் இருந்தோம். அம்மாவின் அண்ணன் பால்மரம் வெட்டுபவர்; ஆகவே மாமா பள்ளத்தில் இருந்தார். பெண் பார்க்கப் பள்ளத்துக்கு இறங்கிய அப்பா அதற்குப் பிறகு இறங்கவே இல்லை என்று மாமா சிரித்துக்கொண்டே சொல்வார். அப்பா சிரிக்க மாட்டார்.

மாமாவின் மகள் என் வகுப்பில் படித்தாள். படித்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. வாய்ப்பாடு நிற்காது. சொல்வதெழுதுதலில் அவள் தாள் சிவப்பு மையில் குளித்துவிட்டு வரும். நானோ வகுப்புத் தலைவன், பரீட்சையில் முதல் ஆள். எதையும் ஒருமுறை கேட்டால் பிசகாமல் ஒப்பிப்பேன். எங்கள் இருவரையும் முறை சொல்லிக் கேலி செய்யும் பெண்களைப் பார்த்தால் மற்றப் பையன்களுக்கு வெட்கம் வரும். எனக்கு அது தகுதிக் குறைவாகப் பட்டது.

அந்த ஆண்டு எங்கள் ஆசிரியை பிரசவ விடுப்பில் போனார். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முடித்து, நிரந்தர வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருந்த சித்தப்பா அந்த இடத்துக்குத் தற்காலிகமாக வந்து சேர்ந்தார். அப்பாவின் கடைசித் தம்பி. எங்கள் வீட்டில், என் அறையில், என் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தார். குளிக்கப் போகும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம்தான் கொடுப்பார். பழுப்பு நிறத் தோல்வார். இருட்டில் எண்கள் பச்சையாக ஒளிரும். அவர் குளித்துவிட்டு வரும்வரை போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது ஒருநாள் எனக்கு வரவேண்டியது என்று நானாகவே முடிவு செய்து, அந்த முடிவைச் சித்தப்பாவுக்குத் தெரிவிக்காமல் வைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் நான் அவரைச் சார் என்றுதான் கூப்பிட வேண்டும். அதை நான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் மற்றவர்களும் அவரைச் சார் என்றே கூப்பிட்டார்கள். எனக்கும் அவர்களுக்கும் வித்தியாசமே இல்லாமல் போய்விட்டது. இதற்கு யாரிடம் புகார் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் சொல்லிக்கொடுக்க வேண்டியது கணக்கும் பொது அறிவும். கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடுவார். பிறகு வாசற்கதவைச் சாத்திவிட்டு வேறு ஒன்றைத் தொடங்குவார். ஒருநாள் பிரித்துப்போட்ட பழைய கைலி ஒன்றைக் கொண்டுவந்து, நாலு மூலையையும் நாலு பேரைப் பிடிக்கச் சொன்னார். நடுவில் ஒரு முற்றின தேங்காயை வைத்தார். துணி குழிந்தது. ஓரத்தில் கோலியை உருட்டிவிட்டார். நேராகப் போகவேண்டிய கோலி தேங்காயைச் சுற்றிக்கொண்டு போய் அதன் மேல் மோதி நின்றது.

"தேங்கா கோலிய இழுத்துச்சுன்னு நெனைக்காதீங்க. தேங்காய்க்குக் கையா இருக்கு? அது துணிய வளைச்சுச்சு. துணி வளைஞ்சா கோலி வளைஞ்சுதானே போவும்? சூரியன் நடுவுல இருக்கு, பூமி சுத்துது. இதே கதைதான்."

நான் அதை அப்படியே மனத்தில் எழுதிக்கொண்டேன். மாமா மகள் கைலியின் ஒரு மூலையைப் பிடித்திருந்தாள். கோலி தன் பக்கம் வரும்போதெல்லாம் துணியைக் கொஞ்சம் தூக்கி விளையாடிக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்:

"சார், தேங்காய டக்குன்னு தூக்கிட்டா, ஓரத்துல இருக்கிற கோலிக்கு அப்பவே தெரிஞ்சிருமா? இல்ல கொஞ்சம் பொறுத்துத்தான் தெரியுமா?"

சித்தப்பா மேசை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். "பொறுத்துத்தான்மா தெரியும்" என்றார். "சூரியன் இப்பவே காணாமப் போனாலும் எட்டு நிமிஷத்துக்கு நமக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா சுத்திக்கிட்டுத்தான் இருப்போம்."

அன்று சாப்பாட்டின்போது அவர் வேறு எதுவும் பேசவில்லை. தன்னோடு பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை என்றார். தனக்கும் தோன்றவில்லை என்றார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "யாரு மவ? எங்க அண்ணன் மவளாச்சே!" என்று சொல்லி, கேள்வி கேட்டவள் அங்கே இல்லாததால் சித்தப்பாவுக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தார். எனக்கு வால் துண்டு. பதினாறாம் வாய்ப்பாடுவரை தலைகீழாகச் சொல்லத் தெரிந்தவனுக்கு வால் துண்டு. அதைத் தின்ன எனக்கு வெகுநேரம் ஆனது. பொறாமை வயிற்றில் இருக்கும்போது முள் எடுக்கக் கை வராது.

அடுத்த திங்கட்கிழமை சித்தப்பா அறிவித்தார். வெள்ளிக்கிழமைக்குள், பாடத்திலிருந்து, தன்னால் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியை யார் கேட்கிறார்களோ அவருக்குத் தன் கைக்கடிகாரம். சொல்லிவிட்டு மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். பின்வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வேலை ஏவும் மண்டோரின் மகன் மட்டும், "பதில் தெரிஞ்சுகிட்டே நீங்க தெரியாதுன்னு சொல்லிட்டா சார்?" என்றான்.

"தெரியாதுன்னு சொல்ற வாத்தியார நீ எங்கடா பார்த்த?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் கடிகாரத்தை ஏலத்தில் விட்டிருக்கிறார்.

அந்த வாரம் முழுவதும் நான் கேள்வி தயாரித்தேன். சூரியனின் எடை என்ன? ஒளி நிலவுக்குப் போக எவ்வளவு நேரம்? அணுவை உடைத்தால் உள்ளே என்ன இருக்கும்? கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. புதன்கிழமை மாலை, பள்ளியிலிருந்து மேடேறி வரும் வழியில், சித்தப்பா என் தோளில் கை போட்டுக்கொண்டு அன்பாகத்தான் சொன்னார்: "நீ பதில் இருக்கிற கேள்வியாவே கேக்குறடா."

அதற்குப் பிறகு என் மேலதிகாரிகள் பலர் என்னைப் பற்றிப் பலவிதமான ஆண்டறிக்கைகள் எழுதியிருக்கிறார்கள். அதைவிடச் சரியாக ஒருவரும் எழுதியதில்லை.

மாமா மகள் எதையும் தயாரிக்கவில்லை. இடைவேளையில் கயிறு தாண்டினாள். "என்னா கிராணி, வாட்ச்சு கெடைச்சிருச்சா?" என்று போகிற போக்கில் கேட்டாள். அவளுக்கு அது வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஆசையே இல்லாத ஒருத்தியிடம் தோற்றுவிடுவோமோ என்ற பயம், ஆசைப்படுகிறவனிடம் தோற்பதைவிடக் கொடியது.

இந்த இடத்தில் எங்கள் தோட்டத்துக் கடிகாரங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விடிவதற்கு முன் ஆபிஸ் முற்றத்தில் ஆட்கள் கூடுவார்கள். கிராணி பெயர் கூப்பிடுவார். இதற்குப் பெரட்டு என்று பெயர். எழுப்புவதற்கு ஒரு மணி அடிப்பார்களே தவிர, பெயர் கூப்பிடத் தொடங்குவதற்கு மணி கிடையாது. ஆபிஸ் சுவரில் தொங்கும் ஊசல் கடிகாரம்தான் மணி. அது சொல்லும் நேரத்துக்குப் பிந்தி வந்தவருக்கு அன்று வேலை இல்லை, திரும்பிப் போக வேண்டியதுதான். பள்ளத்தில் மாரியம்மன் கோயிலிலும் ஒரு கடிகாரம் இருந்தது. கோயில் பொருளாளர் வானொலிச் செய்தி நேரத்தைக் கேட்டு அதைச் சரிசெய்வார். மேட்டுக் கடிகாரம் பள்ளத்துக் கடிகாரத்துக்கு எப்போதும் முன்னால்தான் இருக்கும். அது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். துரை காரும் வேகம், துரை நாயும் வேகம், துரை கடிகாரமும் வேகம் என்பார்கள்.

அந்தக் கடிகாரத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சாவி கொடுப்பது அப்பாவின் வேலை. நாற்காலியைப் பிடித்துக்கொள்வது என் வேலை. சாவி கொடுத்து முடித்ததும் கண்ணாடிக் கதவை மூடுவதற்கு முன், பெரிய முள்ளை விரலால் கொஞ்சம் முன்னால் தள்ளுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "முன்னால வச்சாத்தான்டா ஆளுங்க நேரத்துக்கு வருவாங்க" என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

அதே வாரம் வியாழக்கிழமை மாமாவைப் பெரட்டிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். அத்தைக்குக் காய்ச்சல். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, கோயில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மேடேறினார். முற்றத்துக்கு வந்தபோது அவர் பெயரைத் தாண்டிப் போயிருந்தார்கள். அன்று பெயர் கூப்பிட்டது அப்பா. மத்தியானம் மாமா எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார். முன்வாசலுக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை.

"கோயில் கடிகாரத்துல இன்னும் நேரம் இருந்துச்சே மச்சான்."

"கோயில் கடிகாரம் சாமிக்கு மச்சான். ஆபிஸ் கடிகாரந்தான் ஆளுக்கு."

மாமா தலையாட்டினார். அம்மா கொடுத்த கோப்பியைக் குடிக்காமல் போனார். அம்மா அந்தக் கோப்பியை அப்பாவுக்குத் தரவில்லை, வாழைமரத்தடியில் ஊற்றினார்.

வெள்ளிக்கிழமை. கடைசி நாள். சித்தப்பா பலகையில் ஒரு மலை வரைந்தார். உச்சியில் ஒரு கடிகாரம், அடிவாரத்தில் ஒரு கடிகாரம்.

"பூமி கீழ இருக்கு. கனமான பொருள் பக்கத்துல நேரம் மெதுவா ஓடும். தள்ளிப் போகப் போக வேகமா ஓடும். அதனால மேட்டுல இருக்கிற கடிகாரம் பள்ளத்துல இருக்கிறதவிட வேகமா ஓடும். கடிகாரம் கெட்டுப்போயி இல்ல. நேரமே அப்படித்தான். ஆனா இந்த மலை அளவுக்கெல்லாம் அது ஒண்ணுமே இல்ல. நீங்க கெழவனாயி, உங்க பேரனும் கெழவனானாக்கூட ஒரு கண்சிமிட்டற அளவுக்கு வித்தியாசம் வராது."

நான் மனத்தில் எழுதிக்கொண்டேன்: மேட்டுக் கடிகாரம் வேகமாக ஓடும். 'ஆனா' என்பதற்கு முன்பே நிறுத்திவிட்டேன். 'ஆனா'வுக்குப் பிறகு வருவதைப் பரீட்சையில் கேட்பதில்லை.

அந்த நொடியில் எனக்கு ஒன்று பளிச்சென்றது. கேள்வி கேட்டால்தானே பரிசு? பாடத்துக்கு நானே ஒரு சாட்சி கொண்டுவந்தால்? எந்தப் பிள்ளையும் கொண்டுவர முடியாத சாட்சி. மேட்டில் இருக்கும் கிராணி மகனால் மட்டும் முடிந்த சாட்சி. கையைத் தூக்கினேன். சித்தப்பா சொல்லச் சொன்னார். எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தெளிவாகச் சொன்னேன்:

"அது உண்மைதான் சார். நான் பார்த்திருக்கேன். ஆபிஸ் கடிகாரம் மேட்டுல இருக்கு. கோயில் கடிகாரத்தவிட வேகமாத்தான் இருக்கும். அப்பா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம சாவி குடுத்துட்டு முள்ள முன்னால தள்ளி வைப்பாங்க."

பாராட்டுக்காகக் காத்திருந்தேன். சித்தப்பாவின் கையிலிருந்த சாக்குக்கட்டி பலகையைத் தொட்டபடி நின்றது. மண்டோர் மகன் குனிந்துகொண்டான். பின்வரிசையில் யாரோ, "அடி ஆத்தா" என்றார்கள். சித்தப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் வியப்பு என்று எடுத்துக்கொண்டேன். கடிகாரம் என் கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது மாமா மகள் எழுந்தாள்.

"சார், மேட்டுல ஓடுறது சரியா, பள்ளத்துல ஓடுறது சரியா?"

"ரெண்டும் சரிதான்மா. அதது அதது எடத்துல சரி."

"அப்ப நேத்து எங்கப்பாவ ஏன் சார் திருப்பி அனுப்பிச்சாங்க?"

வெளியே ஆயாக்கொட்டகையில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. சித்தப்பா சாக்குக்கட்டியை வைத்தார். கையைத் துடைத்தார். வாரின் கொக்கியைக் கழற்றினார். அவள் இருந்த இடத்துக்கே நடந்து போய், அவள் மேசைமேல் கடிகாரத்தை வைத்துவிட்டு, "எனக்குப் பதில் தெரியலம்மா" என்றார். அவள் அதை எடுக்கக்கூட இல்லை. பக்கத்தில் இருந்தவள்தான் எடுத்து அவள் கையில் திணித்தாள்.

எனக்குக் கண் எரிந்தது. அழவில்லை. வகுப்புத் தலைவன் அழுவதில்லை. வீட்டுக்குப் போய், அப்பாவின் பெரிய தாள் ஒன்றை எடுத்து, அப்பா துரைக்கு எழுதும் முறையிலேயே ஒரு மனு எழுதினேன். போட்டியின் விதிப்படி கேள்வி பாடத்திலிருந்து வர வேண்டும். மாமாவைத் திருப்பி அனுப்பியது தோட்ட நிர்வாகம் சம்பந்தப்பட்டது, இயற்பியல் சம்பந்தப்பட்டதன்று. எனவே பரிசு செல்லாது. தயவுகூர்ந்து மறுபரிசீலனை செய்யக் கோருகிறேன். கீழே கையெழுத்து. இன்றுவரை அந்த மனுவின் வடிவத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

சித்தப்பா அதை நின்றபடியே படித்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "மனு கெடைச்சுது. விசாரிச்சுப் பதில் சொல்றேன்" என்றார்.

அதற்குள் செய்தி லயம் லயமாக ஏறி மேட்டுக்கே வந்துவிட்டது. அம்மா சித்தப்பாவிடம், "பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கத்தானே தம்பி வந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். அப்பா என்னைக் கூப்பிட்டு, வகுப்பில் என்ன சொன்னாய் என்றார். ஒப்பித்தேன். கடைசிவரை கேட்டார்.

"பெசகாமச் சொன்னியா?"

"ஆமாப்பா."

"சரி, போ."

அவருக்குக் கோபமே வரவில்லை. என் ஒப்பிக்கும் திறமையில் அவருக்குத் திருப்தி என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் ஆபிசுக்குப் போனோம். நான் நாற்காலியைப் பிடித்தேன். அப்பா சாவி கொடுத்தார். முள்ளைத் தொடவில்லை. கடிகாரம் மணி அடித்து முடித்ததும் ஊசலைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு, கீழே இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தார். மணி அடிக்கிற கடிகாரத்தின் முள்ளைப் பின்னால் தள்ளக் கூடாது. தள்ளினால் உள்ளே இருக்கும் கணக்குக் குழம்பிவிடும். ஊசலை நிறுத்திவிட்டு, உண்மையான நேரம் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். அதுதான் முறை. அப்பாவுக்கு எல்லா முறையும் தெரியும்.

"என்னப்பா செய்யிறோம்?"

"காத்துக்கிட்டு இருக்கோம்."

"எதுக்கு?"

"நேரம் வரட்டும்."

யாரும் இல்லாத ஆபிசில், நின்றுபோன கடிகாரத்தின் கீழே உட்கார்ந்திருந்தோம். அப்பா தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாமா மகளின் கையில் இருக்கும் பச்சை எண்களை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆபிஸ் தலைவரான பெரிய கிராணியின் வீட்டு வானொலியில் செய்திக்கு முன் வரும் பீப் ஒலி கேட்டதும் அப்பா நாற்காலிமேல் ஏறி ஊசலை ஆட்டிவிட்டார். மேடும் பள்ளமும் ஒரே நேரத்துக்கு வந்தன.

மறுநாள் பெரட்டை எங்கள் வீட்டுச் சன்னல் வழியாகப் பார்த்தேன். முற்றத்தில் மாமாதான் முதல் ஆள். கையில் சித்தப்பாவின் கடிகாரம். வார் கடைசித் துளையில் இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் மாமா மணிக்கட்டைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியாக அப்பாவைப் பார்த்தார். சட்டைக் கையை இழுத்துக் கடிகாரத்தை மூடிக்கொண்டார். பெரிய கிராணி தன் கைக்கடிகாரத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கடிகாரத்த யாரு தொட்டது?"

"நான்தான் சார்."

"யாரு சொல்லி?"

அப்பா பெயர் கூப்பிடத் தொடங்கினார். முன்னால் தள்ளச் சொன்னது யார் என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்பது நான் சொந்தமாகக் கோப்புகளைக் கையாளத் தொடங்கிய பிறகே விளங்கியது. வாய்மொழி உத்தரவுக்குக் கோப்பு கிடையாது. நிறைவேற்றியவன் மட்டும்தான் உண்டு.

அதற்குப் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தன. எங்கள் ஆசிரியையின் பிரசவ விடுப்பு, முடியவேண்டிய நாளுக்கு முன்பே முடிந்துவிட்டது. சித்தப்பா பெட்டியைக் கட்டினார். அப்பாவுக்குக் கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றல் வந்தது. கடலோர நிலம், அங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. வீட்டில் அம்மா அழுதார். மாற்றல் உத்தரவைக் கேட்டு மகிழ்ந்தவன் நான் ஒருவன்தான். இனி அந்தக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. லோரி புறப்பட்டபோது மாமா வந்து, முதல் முறையாக முன்வாசலில் நின்று, அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எங்களை அனுப்பிவிட்டுக் கடிகாரத்தை வைத்துக்கொள்கிறவர் எதற்குக் கண் கலங்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

மாமா மகள் இப்போது கலும்பாங்கில் பெரிய அளவில் சமையல் குத்தகை எடுக்கிறாள். கணக்கு எழுத இன்னும் ஆள் வைத்திருக்கிறாள். தன் மகள் கல்யாணத்தில் பட்டுச்சேலையோடு அந்தப் பழைய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். அது ஓடவில்லை. ஓடாத கடிகாரத்தைப் பார்த்தும் பொறாமைப்பட முடியும் என்பதை அன்று சாப்பாட்டுப் பந்தியில் உறுதி செய்துகொண்டேன்.

பள்ளி வாரியத்தில் அந்த இளம் ஆசிரியையின் திட்டத்தை நான் ஆதரித்தேன். ஒரே ஒரு நிபந்தனை சேர்த்தேன்: பிள்ளைகள் இந்தப் பாடங்களை வீட்டுக்கும் கொண்டுவருவார்கள் என்பதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தலைவர் இது எதற்கு என்றார். முறை என்றேன்.

அன்றே புக்கிட் பெருந்துங்கில் இருக்கும் சித்தப்பாவுக்குத் தொலைபேசியில் பேசி, ஒருநாள் பிள்ளைகளிடம் வந்து பேசும்படி கேட்டேன். வயதாகிவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. வைப்பதற்கு முன், என் மனு இன்னும் நிலுவையில் இருப்பதை நினைவூட்டினேன். எல்லாத் தீபாவளிக்கும் நினைவூட்டுவதுதான். எல்லாத் தீபாவளிக்கும் சிரிப்பார். இந்த முறை சிரிக்கவில்லை. "இருக்குடா, தேடித் தர்றேன்" என்றார்.

தபாலில் வந்தது. என்னுடைய அதே தாள், மடிப்புகளில் பழுப்பேறி. என் கையெழுத்துக்குக் கீழே, நடுங்கும் எழுத்தில் இப்படி இருந்தது:

"மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது. கேள்வி பாடத்துக்கு வெளியே என்ற வாதம் தவறு. யாருடைய கடிகாரம் என்பதுதான் பாடமே. ஆனாலும் பரிசு கொடுத்தது முறையன்று. அந்தக் கேள்விக்குப் பதில், அது கேட்கப்படுவதற்கு முன்பே வகுப்பில் சொல்லப்பட்டுவிட்டது. சொன்னவர் மனுதாரர். அது பதில் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அண்ணனுக்காக, 'தெரியாது' என்றேன்."

அதை மறுபடியும் படித்தேன். அந்த வகுப்பில் நான் சொன்னவற்றில், யாரிடமிருந்தும் மனப்பாடம் செய்யாத வாக்கியம் அது ஒன்றுதான். கண்ணால் பார்த்ததை, அப்பா முள்ளைத் தள்ளுவதை, பார்த்தபடி சொன்னேன். அதைச் சொன்ன பையனைப் பார்த்து எனக்கு இப்போது கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.

பிறகு பழக்கதோஷத்தில் தாளின் மூலையில் 'பெறப்பட்டது' என்று எழுதினேன். நேரத்தையும் குறிப்பது என் வழக்கம். எந்தக் கடிகாரத்தின்படி என்று மாமா மகள் கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லாததால், நேரத்தை விட்டுவிட்டு நாளை மட்டும் எழுதினேன்: இந்த ஆண்டு, தைப்பூசத்துக்கு மறுநாள்.